மயிலுக்கு அடியில் ஒரு பெயர்

செந்தில் அட்டைப்பெட்டியைக் கட்டிங் டேபிளின் மேல் வைத்து டேப்பைக் கிழித்தபோது, உள்ளே ஏதோ சாம்பிள் இருக்கிறது என்றுதான் ஜெயபாரதி நினைத்தாள். தம்பி பனியன் பிரிண்டிங் யூனிட் வைத்திருக்கிறவன். புது டிசைன் எது போட்டாலும் அக்காவின் கம்பெனிக்குத் தூக்கிக்கொண்டு வந்து காட்டாமல் இருக்க மாட்டான்.

உள்ளே இருந்தவை கைக்குழந்தை பனியன்கள். வெள்ளையும் இளமஞ்சளுமாக, உள்ளங்கையில் விரித்தால் அடங்கிவிடுகிற அளவு. ஒவ்வொன்றின் நெஞ்சிலும் நீல நிறத்தில் ஆங்கில எழுத்தில் ஒரே பெயர். ரித்தீஷ்.

"பேரு வெக்கிறதுக்கு வர்றவியளுக்குக் குடுக்கலாம்னு போட்டங்க்கா. எல்லாரு ஊட்லயும் ஒரு பொடுசு இருக்குமல்லோ" என்றான். சொல்லும்போதே அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. "என்ற பையனுக்குச் சித்திரை நட்சத்திரம்னு ஜோசியர் சொல்றார். 'ரி' வெக்கலாமாம். நான் கேக்கக்கூட இல்லீக்கா, அவராத்தான் சொன்னார். நம்ம பையந்தான் திரும்பி வந்திருக்கறான்."

அவள் ஒரு பனியனை எடுத்துத் தையலைப் பார்ப்பதுபோல் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"நல்லாருக்குது சாமி" என்றாள்.

"வர்ற ஞாயித்துக்கெழம நீதான் காதுல சொல்லோணும். அத்தை நீதான."

அவள் தலையாட்டினாள். அவன் பெட்டியை அங்கேயே விட்டுவிட்டுப் போனான். சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொண்ட நாளில் இருந்தது போல, பல வருடத்துக்குப் பிறகு அவன் நடையில் ஒரு துள்ளல் இருந்தது. அதைப் பார்த்த பிறகு வேண்டாம் என்று எப்படிச் சொல்வது?

ரித்தீஷ் அவளுடைய மகன். ஒரே பிள்ளை. பிளஸ் ஒன் படித்துக்கொண்டிருந்தபோது காய்ச்சல் என்று படுத்தவன், எழுந்திருக்கவே இல்லை. போன ஆடிக்கு முந்தின ஆடியில் நடந்தது. அன்றிலிருந்து அந்தப் பெயரை ஜெயபாரதி வாயால் சொன்னதில்லை. சொல்லக் கூடாது என்று தீர்மானம் ஒன்றும் செய்யவில்லை. வாய் வரவில்லை, அவ்வளவுதான். 'பையன்' என்பாள். அதிகம் போனால் 'நம்ம பையன்'.

ஆனால் அவள் சொல்லாவிட்டாலும் அந்தப் பெயர் அவளை விடவில்லை. திருப்பூரில் கம்பெனி தொடங்குகிறவர்கள் போர்டில் எழுதுவது பிள்ளையின் பெயரைத்தான். போர்டைப் பார்த்தே அந்தக் கம்பெனி எந்தக் காலத்தில் தொடங்கியது, முதலாளிக்கு என்ன வயது இருக்கும் என்று ஏறக்குறைய சொல்லிவிடலாம். அவள் கணவர் ராஜவேல் ஆறு தையல் மெஷினோடு ஆரம்பித்தபோது பிள்ளைக்குப் பல் முளைத்துக்கொண்டிருந்தது. அதனால் 'ரித்தீஷ் டெக்ஸ்'. கம்பெனிக்குப் பெயர் வைத்தால் பிறகு ஊர் அதைத்தான் மனிதர் மாதிரிக் கூப்பிடும். 'ரித்தீஷ் இன்னும் பீஸ் அனுப்பல', 'ரித்தீஷ்ல கரண்ட் இல்லையாமா', 'ரித்தீஷை நம்பித்தான் கன்டெய்னர் நிக்குது' என்று போனில் சொல்வார்கள். அவன் இருந்த காலத்தில் இதைக் கேட்டு விழுந்து விழுந்து சிரிப்பான். "ஏம்மா, நானே இப்பத்தான் பல்லு வெளக்குனேன். நான் எங்கம்மா லேட் பண்ணுனேன்?"

அப்போதெல்லாம் கம்பெனி போனை அவள்தான் எடுப்பாள். "ரித்தீஷ் டெக்ஸ்ங்க" என்று பாட்டு மாதிரி இழுத்துச் சொல்வாள். இப்போதும் எடுக்கிறாள். "சொல்லுங்க" என்று மட்டும் சொல்கிறாள்.

அந்தப் பெயரை அவள்தான் தேடிப் பிடித்தாள். மாசமாக இருந்தபோது, டாக்டரைப் பார்க்கக் காத்திருந்த இடத்தில், பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு வடநாட்டுப் பெண் தன் மகனை அப்படிக் கூப்பிட்டாள். கேட்டதும் நாக்கில் கற்கண்டு போட்ட மாதிரி இருந்தது. அவள் அப்பா காலத்தில் நெசவுத் தெருவில் நின்று 'பழனிச்சாமி' என்று கூப்பிட்டால் நாலு வீட்டுக் கதவு திறக்கும். தம்பி படித்த வகுப்பில் செந்தில்கள் மட்டுமே ஒரு பெஞ்சை நிரப்பினார்கள். செந்தில்குமார், செந்தில்நாதன், இவன் செந்தில்வேல். வாத்தியார் இனிஷியலைச் சொல்லித்தான் அடிப்பாராம். அதற்குப் பின்னால் சுரேஷ், தினேஷ் என்று தெருவெங்கும் 'ஷ்' கேட்டது. முருகன் பெயரை விட்டால் வேறு பெயர் தெரியாத குடும்பத்தில் ஜெயபாரதி போய் 'ரித்தீஷ்' என்றபோது, பெரியம்மா மருதாள் முகத்தைச் சுளித்தாள். "அதென்னடி அது, நாக்குல நிக்காத பேரு? தோசக்கல்லுல தண்ணி தெளிச்சாப்புல இருக்குது." கடைசிவரை அவள் 'ரித்தீசு' என்றுதான் கூப்பிட்டாள்.

ஊரில் யாருக்கும் இல்லாத பெயர் என்ற பெருமையோடு பிள்ளையைப் பள்ளியில் சேர்க்கப் போனாள் ஜெயபாரதி. ஒரே வகுப்பில் நாலு ரித்தீஷ் இருந்தார்கள். எல்லா அம்மாக்களும் அவளைப் போலவே ஏமாந்த முகத்தோடு ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

அன்று மதியம் சாப்பாட்டு வேளையில் ராஜவேல் பெட்டியைத் திறந்து பார்த்தார். மூடியை மறுபடி மூடி வைத்தார்.

"உனக்கு முடியாதுன்னா சொல்லிரு, பாரதி. நான் செந்திலுகிட்டப் பேசறன்."

"என்னன்னுங்க சொல்றது? என்ற பையன் பேரு உன்ற பையனுக்கு வேண்டாம்னா? அவன் எவ்வளவு ஆசையாப் போட்டுட்டு வந்திருக்கறான். அவன் பொண்டாட்டி, அந்தப் புள்ளையும் வாயத் தொறக்காம சரின்னிருக்குது. நான் போயி வேண்டாம்னா, அந்தக் கொழந்தைய நான் ஒதுக்கறாப்புல ஆயிராதுங்களா?"

"நீ காதுல சொல்லோணுமே."

"சொல்றனுங்க. மூணு தரந்தான."

சொல்லிவிட்டாளே ஒழிய, மூன்று தரம் வேண்டாம், ஒரு தரம் வருமா என்றே அவளுக்குத் தெரியவில்லை. மறுநாள் பின்கட்டுக்குப் போய், நிட்டிங் மெஷின்களுக்கு நடுவே நின்றாள். அங்கே பக்கத்தில் நின்று கத்தினாலும் கேட்காது. ஆபரேட்டர் பையன்கள்கூட ஜாடையில்தான் பேசிக்கொள்வார்கள். அந்த இரைச்சலுக்குள் வாயைத் திறந்தாள். 'ரி' என்று உதடு பிரிந்தது. மேற்கொண்டு வரவில்லை. மெஷின் சுற்றிச் சுற்றித் துணியை இறக்கிக்கொண்டே இருந்தது.

கூட்டத்துக்கு நடுவே, குழந்தையின் காதருகே குனிந்து, இப்படி வாயடைத்து நின்றால் என்ன ஆகும்? அழுதுவிட்டால்? பெயர் வைக்கும்போது அத்தை அழுதாள் என்பது அந்தக் குழந்தைக்கு ஆயுசுக்கும் பேச்சாகிவிடும். அதைவிடப் பெரிய பயம் ஒன்று இருந்தது. அதை ராஜவேலிடம்கூடச் சொல்லவில்லை. நாளைக்கு அந்தக் குழந்தை ஓடி விளையாடும். ரித்தீஷ், மண்ணைத் திங்காதே. ரித்தீஷ், எறங்கு. யாராவது கத்திக்கொண்டே இருப்பார்கள். கத்தக் கத்த அந்தப் பெயர் மெல்ல அந்தக் குழந்தையுடையதாகிவிடும். அவள் பிள்ளைக்கு மிஞ்சி இருப்பது அது ஒன்றுதான்.

வெள்ளிக்கிழமை அவள் வசம்பு வளையலும் வெள்ளி அரைஞாணும் எடுத்துக்கொண்டு அனுப்பர்பாளையம் போனாள். செந்திலின் மனைவி வேல்விழி பிரசவத்துக்கு வந்து அங்கே அப்பா வீட்டில்தான் இருந்தாள். அப்பா இசக்கிமுத்து, சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து பிழைப்புக்கு வந்து, பனியன் கம்பெனியில் அயர்ன் மாஸ்டராக இருந்து ஓய்ந்தவர். வேல்விழி செக்கிங் வேலை பார்த்துக்கொண்டே தபாலில் பி.ஏ. தமிழ் படித்தவள். செந்திலும் அவளும் விரும்பியபோது இரண்டு வீட்டிலும் வேண்டாம் என்றார்கள். அந்தச் சமயத்தில் மாமனுக்காகச் சண்டை போட்டவன் ரித்தீஷ். அவளை முதன்முதலில் 'அத்தை' என்று கூப்பிட்டவனும் அவன்தான்.

அந்தத் தெருவில் நாலு வீட்டுக்கு ஒரு பாத்திரப் பட்டறை; தட்டும் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். கதவு திறந்திருந்தது. ஜெயபாரதி செருப்பைக் கழற்றும்போது உள்ளே வேல்விழி குழந்தையோடு பேசுவது கேட்டது.

"எம் பேகனுக்குப் பசியாறிட்டா? பேகா... பேகப்பா... சத்தம் போடாதீயன்னு பாத்திரக்காரவுகளைப் போய் ஏசிட்டு வருவமா?"

ஜெயபாரதி வாசலிலேயே நின்றாள். நிழல் விழுந்ததும் வேல்விழி நிமிர்ந்து பார்த்தாள். முகம் வெளுத்துவிட்டது.

"வாங்க மைனி" என்றாள். கணவனின் அக்காவை அவர்கள் ஊரில் அப்படித்தான் கூப்பிடுவார்கள். "இப்பத்தான் ரித்... பிள்ளை முழிச்சான்."

"இப்ப என்ன பேரு சொல்லிக் கூப்பிட்ட கண்ணு?"

"சும்மா மைனி. வாயில வந்ததச் சொன்னேன்."

"பேகன்னு சொன்னியே."

வேல்விழி குழந்தையின் போர்வையைச் சரி செய்தாள். அது சரியாகத்தான் இருந்தது.

"வேலு. என்னைப் பார்த்துச் சொல்லு. உனக்கு அந்தப் பேரு வெக்கோணும்னு ஆசையா?"

"அய்யோ, அப்படியெல்லாம் இல்ல மைனி. அவுக உங்க பையன் பேருன்னு சொன்னப்பவே நான் சரின்னுட்டேன். நான் எப்படி மாட்டேம்பேன்? எங்க கல்யாணமே அவனால நடந்தது."

"அதக் கேக்கலை. ஆசையான்னு கேட்டேன்."

வேல்விழி மறுபடி போர்வையை இழுத்துவிட்டாள். பிறகு தடுக்க முடியாமல் வந்துவிட்டது. "மைனி, அது இப்ப காலேஜ் போற பசங்க பேரு. இப்ப யாரும் வைக்கதில்ல. யாழன், மகிழன், நிலவன்னுல்லா வைக்காக. எங்கூட ஆஸ்பத்திரில இருந்த புள்ளைக எல்லாம் கேட்டுட்டு, பழைய பேராச்சேன்னு..."

சொல்லி முடிக்கும் முன்பே கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். கண்ணில் நீர் கொட்டியது. "அய்யோ, நான் என்ன சொல்லிட்டேன். என்னய மன்னிச்சிருங்க மைனி."

ஜெயபாரதிக்கு முதலில் புரியவில்லை. பழைய பேரு. பழனிச்சாமி மாதிரி, செந்தில் மாதிரி. மருதாள் பெரியம்மா நாக்கில் நிற்காமல் துள்ளிய பெயர், தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்த பெயர், அதுவும் பழசாகிவிட்டது. இனி ஆஸ்பத்திரியில் எந்த அம்மாவும் அதை வைக்கப்போவதில்லை. எந்தத் தொட்டிலும் அதைப் பிடுங்கிக்கொள்ளாது. தெருவில் யாராவது அந்தப் பெயரைக் கூப்பிட்டால், திரும்பிப் பார்க்கிறவனுக்கு மீசை இருக்கும். அவள் பையனின் வயசுதான் இருக்கும்.

அவளுக்குச் சிரிப்பு வந்தது. நெஞ்சில் கட்டியிருந்த ஏதோ ஒன்று அவிழ்ந்த மாதிரி, தோள் குலுங்கச் சிரித்தாள். வேல்விழி பயந்து போய்ப் பார்த்தாள்.

"அழுவாத கண்ணு. நாலு நாளா எனக்குச் சோறு எறங்கலை. உன்ற வாயில இதக் கேக்கறதுக்குத்தான் வந்தனாட்ட."

"உங்களுக்கும் வேண்டாமா?"

"வேண்டாம். சொல்றதுக்கு வாய் வரலை, அதான். நீ எனக்காகச் சும்மா இருந்திருக்கற. நான் உன்ற புருசனுக்காகச் சும்மா இருந்திருக்கறேன். நல்ல குடும்பம் போ."

வேல்விழி மூக்கை உறிஞ்சிக்கொண்டு சொன்னாள்: "இன்னொன்னும் இருந்துச்சு மைனி. அந்தப் பேர வச்சிக்கிட்டு இவனை எப்படி ஏசுவேன்? கோவம் வந்தா ரெண்டு அடி போடணும்லா? அந்தப் பேரைச் சொல்லி எனக்குக் கை ஓங்குமா? பிள்ளை கெட்டுக் குட்டிச்சுவராப் போயிருவான்."

குழந்தை கொட்டாவி விட்டது. ஜெயபாரதி அதை முதன்முதலாக ஒரு பயமும் இல்லாமல் பார்த்தாள். அவள் பையனின் சாயல் எதுவும் இல்லை. இசக்கிமுத்துவின் மூக்கு அப்படியே இருந்தது.

"பேகன்னா யாரு?"

"அந்தக் காலத்து ராசா மைனி. பழனிப் பக்கந்தான் ஆண்டவரு. மழையில ஒரு மயிலு அகவிட்டு நின்னுருக்கு. குளிர்ல நடுங்குதுன்னு நெனச்சி, தோள்ல கிடந்த போர்வையை எடுத்துப் போத்திட்டாராம். நட்சத்திரத்துக்குப் 'பே'யும் வரும். நான் ஜோசியருகிட்டக் கேட்டேன்." குரல் இறங்கியது. "ரகசியமாத்தான்."

மதியம் சாப்பிட வந்த செந்திலிடம் ஜெயபாரதியே பேசினாள். வேல்விழியை உள்ளே போகச் சொல்லிவிட்டாள். அவன் சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டான். பாதியில் கை நின்றது.

"அவதான் வேண்டாம்னாளா?"

"அவள இழுக்காத. நான் வேண்டாங்கறேன்."

"அப்ப அவன் பேரு இல்லாமயே போயிருமேக்கா. இன்னும் பத்து வருசத்துல யாரு சொல்லுவாங்க? எனக்கு அவன் அக்கா பையன் மட்டுமா? சிநேகிதனுமல்லோ. நான் ஒருத்தனாச்சும் தெனம் அந்தப் பேரைக் கூப்பிடலாம்னு நெனச்சேன்."

அவள் அவன் முதுகில் கை வைத்தாள். மேல்சட்டையில் பிரிண்டிங் மையின் வாடை அடித்தது.

"சாமி, உன்ற பையன் தனிப் பையன். அவன் வேற ஒருத்தன் எடத்துல வந்து ஒக்கார வேண்டாம். ரித்தீஷ் பேரு ரித்தீஷுக்கே இருக்கட்டும்."

சொன்ன பிறகுதான் அவளுக்கே தெரிந்தது. செந்திலும் தலையைத் தூக்கிப் பார்த்தான். தெருவில் பாத்திரம் தட்டுகிற சத்தம் ஒரு கணம் நின்று மறுபடி தொடங்கியது. கூரை இடிந்து விழவில்லை. நெஞ்சு வெடிக்கவில்லை. பெயர் பெயராகத்தான் இருந்தது; நாக்கில் பழைய கற்கண்டு.

செந்தில் சாப்பிடாமல் கையைக் கழுவிவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போனான். போகும்போது கதவோரம் நின்ற வேல்விழியைப் பார்க்கவில்லை. அவள் கவலையோடு திரும்பியபோது ஜெயபாரதி சொன்னாள்: "விடு. சின்னதுலயே அப்படித்தான். கோவத்துல நேரா வேலைக்குத்தான் போவான்."

வேலைக்குத்தான் போயிருந்தான். சனிக்கிழமை மத்தியானம் கம்பெனிக்கு வந்து, யாரையும் கேட்காமல் அந்த அட்டைப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனான். வேஸ்ட் துணிக்காரனிடம் போட்டுவிடுவானோ என்று அவளுக்குத் திக்கென்றது. மகன் பெயர் எழுதிய துணியால் யாரோ மெஷின் எண்ணெய் துடைப்பதை நினைக்கவே முடியவில்லை. ஆனால் தடுக்கவும் தோன்றவில்லை.

சாயங்காலம் திரும்பி வந்தான். பெட்டியை அதே டேபிளில் வைத்தான்.

பனியன்களில் பெயர் இல்லை. அந்த இடத்தில் பச்சையும் நீலமுமாக ஒரு மயில் நின்றது. தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடந்து போகிறவர்களின் பனியனில் பாக்கெட் பக்கம் அடிக்கிற மயில் அது. அதை அச்சடிக்கிற ஸ்கிரீன் அவன் யூனிட்டில் வருஷம் முழுவதும் சும்மா கிடக்கும். பிரிண்ட் தப்பாகிப் போன பீஸைக் காப்பாற்ற இங்கே எல்லோரும் செய்கிற வேலைதான். கெட்டியான ரப்பர் பிரிண்டை மேலே ஏற்றிவிட்டால் அடியில் இருப்பது தெரியாது.

"அவ சொன்னா, அந்த ராசா கதைய" என்றான், அவள் முகத்தைப் பார்க்காமல். "மயிலுக்குத் துணி போத்துனாராமா. அந்தக் காலத்துலயே நம்ம தொழில்தானாட்டம் இருக்குது."

"அடியில அப்படியே இருக்குதா?"

"இருக்குது. அழிக்கலை. மேல அடிச்சிருக்கறேன்."

அவள் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தாள். ஒரு மஞ்சள் பனியனில் மயில் கொஞ்சம் தள்ளி விழுந்திருந்தது. தோகைக்கு வெளியே கடைசி எழுத்தின் ஒரு கோடு மட்டும் நீலமாக எட்டிப் பார்த்தது. "இது ரிஜெக்ட்டு" என்று செந்தில் கையை நீட்டினான். அவள் கொடுக்கவில்லை. மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை அனுப்பர்பாளையத்து வீட்டில் உட்கார இடமில்லை. வாசலில் பந்தல் போட்டிருந்தார்கள்; பக்கத்துப் பட்டறைகளிலும் அன்று தட்டுவதை நிறுத்தியிருந்தார்கள். பெயர் வெளியே தெரிந்ததும் மருதாள் பெரியம்மா தாடையில் கை வைத்தாள்.

"பேகனா? ஏன்டி பாரதி, உங்களுக்கெல்லாம் வாயில நொழையற பேரே கெடைக்காதா? முருகன், வேலன்னு வெச்சா சாமி கோவிச்சுக்குமா?"

"மயிலு இருக்குதுங்க பெரியம்மா. மயில் இருந்தா முருகனும் பக்கத்துலதான இருப்பாரு" என்றாள் ஜெயபாரதி.

இசக்கிமுத்து தாம்பூலத் தட்டை நீட்டிக்கொண்டே சொன்னார்: "எம் பேரு இசக்கிமுத்து. நான் திருப்பூர் வந்த அன்னைக்கே சூப்பர்வைசர் பாதிய வெட்டி முத்துன்னு ஆக்கிட்டாம்மா. பேரனுக்கு வெட்ட முடியாத பேரா வையுங்கன்னு சொன்னேன். மூணெழுத்து. எங்கன வெட்டுவான்?"

ஜெயபாரதி குழந்தையை மடியில் வாங்கினாள். சுடுநீரில் குளித்து, வசம்பு வளையலோடு, மயில் பனியன் போட்டுக்கொண்டு அது தூங்கிக்கொண்டிருந்தது. வெற்றிலையை ஒரு காதில் மூடி, மறு காதருகே குனிந்தாள். எதிரே ராஜவேல் கையைக் கட்டிக்கொண்டு, மூச்சுகூட விடாமல் நின்றிருந்தார்.

"பேகன்" என்றாள். "பேகன். பேகன்."

எந்தத் தடையும் இல்லாமல் வந்தது. குழந்தை கண்ணைத் திறந்து, பிடிக்காதது போல முகத்தைச் சுருக்கி, வீல் என்று கத்தியது. எல்லோரும் சிரித்தார்கள். சத்தமாகச் சிரித்தவன் செந்தில்தான்.

மறுநாள் காலை கம்பெனி போன் அடித்தபோது ராஜவேல் கட்டிங் மாஸ்டரோடு ஏதோ அளவைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். எப்போதும் போல ஜெயபாரதிதான் எடுத்தாள்.

"ரித்தீஷ் டெக்ஸ்ங்க" என்றாள்.

ராஜவேல் பேச்சை நிறுத்திவிட்டுத் திரும்பினார்.

"ஆமாங்க. இல்லீங்க, இன்னிக்கு மத்தியானமே பீஸ் வந்துருமுங்க. ரித்தீஷ் லேட் பண்ணாதுங்க."